சவலையின் தங்கச்சி

சவலை. காலையிலிருந்து இந்த ஒரு சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பக்கத்து ரூம் சாந்தாமணி அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டே, வெயில் எப்படி என்று கேட்கிற குரலில், "ஏங் கண்ணு ஜோதி, பையன் என்ன சவலையாட்டம் ஆயிட்டான்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த துணியை உதறினாள். பதில்கூட அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. "பல்லு மொளைக்குதுக்கா, அதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒல்லிப் பிள்ளை என்கிற அர்த்தத்தில்தான் அவள் சொல்லியிருப்பாள். எனக்கு அந்தச் சொல் அப்படியில்லை. கைப்பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் உண்டாகி, பால் நின்று, வற்றிப்போகிற பிள்ளைக்குத்தான் எங்கள் ஊரில் சவலை என்று பெயர். பிள்ளையைப் பார்த்துச் சொன்னாலும் அது தாயின் வயிற்றைப் பார்த்துச் சொல்வதுதான். அவளுக்குத் தெரிந்துவிட்டதா? எனக்கே முழுசாகத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்? யுகன் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் தலைக்குக் குளித்தேன், அதற்கப்புறம் இல்லை. நாள் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அவ்வளவுதான் அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே இருபது நாளாகப் பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் இருக்கிறேன். இது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அங்கன்வாடியில் எடை போடும் நாள். மெஷினுக்குத் தெரிந்துவிடும்.

வராண்டாவில் எனக்கு முன்னால் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் மடியிலும் பிள்ளை, எல்லார் கையிலும் அட்டை. அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக இருக்கும், டீச்சரம்மா பேனாவால் புள்ளி வைப்பார். போன மாதம் யுகனுக்குப் பச்சையில் வைத்தார். ஏழு கிலோ நூறு. அன்றைக்கு இந்தத் திருப்பூரிலேயே என்னைவிடக் கெட்டிக்காரி யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இப்போது அவனை மடியில் வைத்திருக்கிறேன், தொடையில் கனம் தெரியவில்லை. நாலு நாள் வயிற்றால் போனது, அதனால்கூட இருக்கலாம். நான் ஏன் இப்படிக் காரணம் தேடுகிறேன், காரணம் நான்தானே. கூழை நீர்க்கக் காய்ச்சி ஊற்றினேன், ரொட்டியை நனைத்து ஊட்டினேன், பாதி வெளியே வந்தது. யுகன் அட்டையின் முனையைக் கடித்துக்கொண்டிருக்கிறான். பிடுங்கினால் அழுவான். அழுதால் பக்கத்தில் இருப்பவள், பசிக்குது போல, பாலைக் குடு என்பாள். எல்லோருக்கும் இது எவ்வளவு சுலபமான பேச்சு. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், பூமிநாதன். பரமக்குடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், ஆனால் ஸ்டாண்டில் போய்ப் பூமிநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சவலை ஆட்டோ என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். அவனுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது நான் அம்மா வயிற்றில் வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்ததாம், தெரிந்த அன்றே பாலை நிறுத்திவிட்டதாம். அதற்குள் மூன்று மாதம் கெட்ட பாலைக் குடித்துவிட்டான், அதனால்தான் காலும் கையும் குச்சியாகி வயிறு மட்டும் பெரிதாகி நாலு வயதுவரை நடக்காமல் கிடந்தான் என்று அம்மா சொல்லும். மொதல்லயே நிறுத்தியிருந்தா என் புள்ள தேறியிருப்பான் என்று சொல்லும்போதெல்லாம் அது என்னைப் பார்க்காது, அடுப்பைப் பார்க்கும். அண்ணன் அதை வைத்தே என்னைக் கேலி செய்வான். "என் பாலக் குடிச்சுத்தாண்டா இவ இம்புட்டு ஒசரம் வளந்திருக்கா" என்று கல்யாணப் பந்தலில்கூடச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சவலையின் தங்கச்சி நான். அதனால்தான் நாள் தள்ளியதும் பயந்துபோய் உடனே நிறுத்தினேன். அம்மா செய்யாததை நான் செய்தேன், சரியாகச் செய்தேன், முதலிலேயே செய்தேன். பிறகு ஏன் சாந்தாமணி அப்படிக் கேட்டாள்?

வேப்பெண்ணெய். அதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். மளிகைக் கடையில் விளக்குக்கு என்று சொல்லி ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வந்தேன், கடைக்காரர் எதற்கு என்று கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு விரலில் தொட்டு இரண்டு பக்கமும் தடவிக்கொண்டேன். யுகன் எப்போதும்போலப் பாய்ந்து வந்தான். வாய் வைத்தான், எடுத்தான், முகம் கோணியது. அழவில்லை. மார்பைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். இதில் என்னவோ தவறு நடந்துவிட்டது, அம்மா சரி செய்துவிடுவாள் என்று பார்த்தான். மறுபடியும் வாய் வைத்தான். அன்றைக்கு நாலு தடவை வந்தான். மறுநாள் இரண்டு தடவை. மூன்றாம் நாள் வரவில்லை, என் புடவையை இழுக்கவில்லை, கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிக் காய்ச்சலே வந்துவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். அவர் பார்த்துவிட்டு முதுகுவலியா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். கோபப்படுகிற ஆள் இல்லை. பேசாமல் படுத்துக்கொண்டு மேலே சிமெண்டு ஷீட்டைப் பார்ப்பார். அதற்குக் கோபமே தேவலை. அம்மாவிடம் கேட்கலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது ஸ்பீக்கரில் போட்டு அண்ணன், அண்ணி, எதிர்வீட்டுக்காரி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பேரன் என்ன செய்றான் என்பார்கள், நல்லாருக்கான் என்பேன். சவலை மாமா வந்துருக்கேண்டா மாப்ளே என்று அண்ணன் கத்துவான். இந்த ஊரில் எத்தனையாயிரம் பேர் இருக்கிறார்கள், ஒரு லைன் வீட்டில் பத்து ரூம், ஒரே குழாய், ஒரே கொடி. கேட்க ஒரு ஆள் இல்லை.

வரிசை நகர்ந்தது, நானும் உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. உள்ளேயிருந்து பருப்பு வேகிற வாசனை வந்தது, பிள்ளைகள் ஏதோ பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு எதிரில் தூண் ஓரமாக இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வடக்கத்திப் பெண், பீகாரோ ஒடிசாவோ. புருஷனும் அவளும் பக்கத்துக் கம்பெனி ரூமில் இருக்கிறார்கள். வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது, ஏழு மாதமாவது இருக்கும், கஞ்சி மாவு பாக்கெட் வாங்க வந்திருப்பாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று வராண்டாவின் அந்தக் கோடியிலிருந்து தத்தித் தத்தி நடந்து வந்து, அவள் முந்தானையைத் தூக்கி, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே தலையை விட்டுக் குடிக்க ஆரம்பித்தது. நின்றுகொண்டே குடித்தது. கொழுக்குமொழுக்கென்று கன்னம், காலில் மடிப்பு மடிப்பாகச் சதை. அவள் பாட்டுக்கு ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு இன்னொரு கையால் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியை இடித்து, "வயித்துல இருக்குது, இன்னும் குடுத்துட்டு இருக்கறா பாரு" என்றாள். கெட்ட பால் குடிக்கிற பிள்ளை எப்படி இப்படி இருக்கும்? சதை எங்கிருந்து வந்தது? அப்படியானால் அண்ணன், மூன்று மாதம் அந்தப் பாலைக் குடித்து இளைத்தானா, பாலை நிறுத்திய பிறகு இளைத்தானா? அம்மா எதை முதலில் சொல்லும், எதைப் பிறகு சொல்லும்? நிறுத்தினேன், அப்புறம் நடக்கல, அப்புறம் வயிறு உப்புச்சு. இதைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். நிறுத்தினேன் என்பதுதான் எப்போதும் முதலில் வரும். நான்தான் அதைக் கடைசியில் வைத்துக் கேட்டிருக்கிறேன். யுகன் அட்டையைக் கீழே போட்டுவிட்டு அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை லேசாக அசைத்தான்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, வரிசையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நான் அவள் வயிற்றைக் காட்டினேன், குழந்தையைக் காட்டினேன்.

"இது இருக்கயில இதுக்குக் குடுக்கலாமா?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. குழந்தையின் தலையைத் தொட்டு, "ரிங்கி" என்றாள். பேர் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு யுகனைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

"யுகன்" என்றேன்.

"யூகன்" என்றாள், சந்தோஷமாக.

அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியாது என்று தெரிந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. இருபது நாளாக நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அவளிடம் போய்க் கொட்டினேன். "எனக்கும் நாள் தள்ளிப் போச்சு. கெட்ட பாலுன்னு நெனச்சு நிறுத்திட்டேன். வேப்பெண்ணெயத் தடவிட்டேன். இப்ப இவன் வரவே மாட்டேங்குறான். என்னையப் பாக்கவே மாட்டேங்குறான். உம்புள்ள நல்லாத்தான இருக்கு? ஒண்ணும் செய்யலையே? அப்ப நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்?" அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னாள். எனக்கும் புரியவில்லை. யாராவது என் கையைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போது நினைத்தேன்.

"அந்தப் புள்ளைக்குத் தமிழு தெரியாது கண்ணு" என்று பின்னால் குரல் கேட்டது. "எனக்குத் தெரியும்."

டீச்சரம்மா. கையில் கஞ்சி மாவு பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. மயிலாத்தாள் என்று அவர் பெயர், நாங்கள் யாரும் பெயர் சொல்வதில்லை. பாக்கெட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு யுகனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கும், எத்தனை பிள்ளைகளைத் தூக்கிய கை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் மெஷினில் உட்கார வைத்தார். சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. ஆறு ஐந்நூறு. அவர் அட்டையில் மஞ்சளில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியிலிருந்து கோடு இழுத்தார். கோடு கீழே இறங்கியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன நாளாச்சு?"

"இருவது."

"மாசமா இருக்கறயா இல்லியான்னு பாத்தயா?"

"இல்ல டீச்சரம்மா. பயமா இருந்துச்சு."

"பாலு குடுக்கறவளுக்கு நாள் முன்னப்பின்னதான் வரும். புதங்கெழம நர்சம்மா வருது, அதப் பாத்துக்கலாம். இருந்தாலுஞ் சரி, இல்லீனாலுஞ் சரி, பாலு கெடாது. நீ சேத்திச் சாப்புடோணும், அவ்வளவுதான். ஆரு சொன்னா உனக்குக் கெட்ட பாலுன்னு?"

யார் சொன்னது என்று சொல்வேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மாவையா காட்டிக்கொடுப்பேன். "ஊருல சொல்லுவாங்க" என்றேன். கரண்டியைக் கவிழ்த்தால் விழாத மாதிரி கூழைக் கெட்டியாகக் கிண்ட வேண்டும், மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், முட்டை மஞ்சள் கொடுக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் எனக்கு இருந்தது, அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

"பாலு திரும்ப வருமா டீச்சரம்மா?"

"அவஞ் சப்புனா வரும். அவஞ் சப்போணும். போயிக் கழுவிட்டு வா."

குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கழுவினேன். வேப்பெண்ணெயைத் தொட்டே பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது, தினமும் குளிக்கிறேன், கசப்பு எங்கே இருக்கப்போகிறது. இருந்தாலும் விரலால் தொட்டு என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான். மறுபடியும் தண்ணீர் விட்டேன். உள்ளே மூலையில் சாமான் அறைக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்தார்கள். யுகனை மடியில் கிடத்தி வாயருகே கொண்டுபோனேன். வாயை இறுக்கிக்கொண்டான். உதடு இருக்கிற இடம் ஒரு கோடாகிவிட்டது. தலையை அந்தப் பக்கம் திருப்பினான், நான் இந்தப் பக்கம் வந்தேன், இந்தப் பக்கம் திருப்பினான். கையால் என் மார்பைத் தள்ளினான். இவ்வளவு சின்னக் கை, இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது. கசப்பு என்னிடம் இல்லை, அவனிடம் இருக்கிறது. நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், இது கசக்கும் என்று, அவன் ஒரு தடவையில் படித்துக்கொண்டான், கெட்டிக்காரப் பிள்ளை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினான். வராண்டாவில் பேச்சு நின்றது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கட்டும், இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது. மூடிக்கொண்டு அவனைத் தோளில் போட்டேன். நீ எனக்கு வேண்டாம் என்று என் பிள்ளை பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டான். அழுகை வந்தது, அழுதேன்.

"முழிச்சுட்டு இருக்கறப்ப வாங்க மாட்டான்" என்றார் டீச்சரம்மா. "தூக்கக் கலக்கத்துல வாங்குவான். உக்காரு. ஒண்ணும் அவசரமில்ல."

உட்கார்ந்திருக்கிறேன். எடை போட வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், அந்த வடக்கத்திப் பெண் போகும்போது வாசலில் நின்று யூகன் என்று கூப்பிட்டுக் கையசைத்துவிட்டுப் போனாள். பிள்ளைகள் பருப்புச் சோறும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு வரிசையாகப் பாயில் படுத்துவிட்டார்கள். ஆயா ஜன்னலைச் சாத்தினாள். இருபது பிள்ளைகளும் மூச்சு விடுகிற சத்தம், மேலே காற்றாடி கட்டக் கட்டக் என்று சுற்றுகிற சத்தம். ஒருத்தன் தூக்கத்தில் கட்டை விரலைச் சப்புகிறான். இவர்களில் யார் யார் தாய்க்கு எது எது பயமாக இருந்திருக்கும், யாரிடம் கேட்டிருப்பார்கள். யுகன் அழுது அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டே தோளில் கிடக்கிறான். கண் சொருகுகிறது, திறக்கிறது, சொருகுகிறது. அண்ணனுக்குப் போன் பண்ண வேண்டும், ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசு என்று சொல்ல வேண்டும். என்ன பேசுவேன்? நீ என்னால் சவலை ஆகவில்லை என்பேனா, அம்மாவால் ஆனாய் என்பேனா? இரண்டையும் சொல்ல முடியாது. அவன் கேலி பண்ணிக்கொண்டே இருக்கட்டும். இப்போது தலை கனத்துவிட்டது, தூங்கிவிட்டான். மெதுவாக இறக்குகிறேன், கையை அசைக்காமல், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு. பிள்ளையிடமே திருட்டுத்தனமாகப் போக வேண்டியிருக்கிறது. கன்னத்தில் பட்டதும் தலையைத் திருப்பினான், எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தெரியவில்லை. என் பக்கம். வாய் திறந்தது. பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, நிறுத்தினான். மறுபடியும். வருகிறதா இல்லையா தெரியவில்லை, உள்ளே எங்கேயோ இழுக்கிறது, வலிக்கிறது, இழுக்கட்டும். கண்ணைத் திறந்துவிட்டான். திறந்து, என் முகத்தைத்தான் பார்க்கிறான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "கசக்குதா சாமி?" என்று கேட்கிறேன். பதில் சொல்ல அவன் வாயை எடுக்கவில்லை.